சிரட்டையைக் கவிழ்க்கும் முன்

மக்கா, வடசேரி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, சுகாதார வேலைக்கு முதல் நாள் போகப் போகிறாய். முப்பது வருஷம் அதே வேலையில் நான் தடுக்கி விழுந்த இடங்களைச் சொல்கிறேன்.

1. வாயைத் திறக்கும் முன் அங்கணத்தைப் பார். புதிதில் ஒரு வீட்டில் புழு நெளிந்த ட்ரம்மைக் கவிழ்த்துவிட்டு, டெங்கு பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் செய்தேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. ஓடிப்போன தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலு நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அப்புறம் வெகுநாள் அந்தத் தெருவில் எனக்குக் கதவு திறக்கவில்லை. இன்றைக்கென்றால் தண்ணீரைத் துணியில் வடித்து எடுத்துவைத்து, ட்ரம்மின் உள்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கொடுப்பேன். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. பிறகு பழைய வேட்டியை இரண்டாய் மடித்து வாயைக் கட்டிவிடுவேன். பிரசங்கம் கிடையாது.

2. காலண்டரை நம்பாதே. நம் குமரி ஜில்லாவுக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழை. கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகமும் அந்தக் கணக்கில்தான் விளைந்தன. இப்போது நாற்று நடும்போது வெயில், அறுப்பில் மழை. நோட்டில் ‘டெங்கு மாதம்’ என்று நான் போட்டுவைத்த வட்டமெல்லாம் செல்லாக்காசு. மழையில் பால்வெட்டு நின்றால் ரப்பர் தோட்டத்துக்குப் போ. பால் பிடிக்கிற சிரட்டையைக் கவிழ்க்காமல் விட்டால், தேங்கிய தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறந்துவிடும். எந்தத் தோட்டம் என்று பால்வெட்டுகிறவரைக் கேள். அவருக்குத் தெரிந்தது உன் புத்தகத்தில் இராது.

3. அளக்கச் சலிக்காதே. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். வாழையும் ரப்பரும் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாமல், ஊரே கிணற்றடிக்கு வந்தது. ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். அன்று அவசரத்தில் கிணற்றை அளக்காமல் கைப்பிடி கைப்பிடியாய் அள்ளிப் போட்டேன். நாற்றம் தாங்காமல் சனம் வாய்க்கால் தண்ணீரைக் கோரிக் குடித்தது. நல்லது செய்கிறோம் என்ற மிதப்பு இருக்கிறதே, அது பொல்லாதது.

4. வெயிலில் உட்கார்ந்து விற்கிறவளிடம் “நிழலில் இருங்கம்மா, நிறையத் தண்ணீர் குடியுங்கள்” என்று சொல்லிவிட்டு நகராதே. ஒரு சந்தையில் மீன்கார அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள்: “குடிச்சா எங்க போறது தம்பி?” அங்கே பெண்களுக்குக் கக்கூஸ் இல்லை. 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. அக்காவின் கேள்வி உன் அறிக்கையில் ஏறட்டும்.

5. காய்ச்சல்காரரிடம் வயலில் இறங்கினாரா, காலில் புண் உண்டா என்று கேள். வெள்ளம் வடிந்த பின் எலிக்காய்ச்சல் வரும்.

சனிக்கிழமை வீட்டுக்கு வா. என் பழைய டார்ச் இருக்கிறது. ட்ரம்முக்குள் அடித்துப் பார்க்க ஆகும். பேட்டரிதான் நீ வாங்கிக்கொள்ள வேண்டும்.