சென்னையில் ஸ்வெட்டர், மங்களூரில் வியர்வை

கேள்வி: அரையாண்டு விடுமுறைக்கு மூன்று நாள் மங்களூர், மல்பே கடற்கரைக்குப் போய் வந்தோம். சென்னையில் காரில் ஏறும்போது தூறல். ஸ்வெட்டர், குல்லா எல்லாம் எடுத்து வைத்தேன். பெங்களூரிலும் குளிர்தான். சக்லேஷ்பூர் தாண்டி மலை இறங்கினோம், மகளுக்குக் காது அடைத்தது, அவ்வளவுதான். கீழே மே மாத வெயில்! மூன்று நாளும் வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மகளுக்குத் தோள் சிவந்து எரிச்சலே வந்துவிட்டது. "அரபிக்கடல் சூடான கடல், அதான்" என்கிறார் என் கணவர். "மங்களூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம்" என்கிறாள் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள். இரண்டும் கடலோர ஊர்தானே, மாதமும் ஒன்றுதானே, ஏன் இந்த வித்தியாசம்?

— குரோம்பேட்டை வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, கேள்விக்குள்ளேயே பாதி விடையையும் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். மகளுக்குக் காது அடைத்ததை எழுதினீர்களே, அதுதான் அந்தப் பாதி. அதற்கு வருவதற்கு முன் வீட்டு வழக்கைத் தீர்த்துவிடுவோம்.

மகளிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து அட்சரேகையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓர் ஊர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கிலோ தெற்கிலோ எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்லும் கோடு அது. சென்னை 13.1 டிகிரி, மங்களூர் 12.9 டிகிரி. நடுவில் இருக்கும் பெங்களூரும் ஏறக்குறைய அதே கோட்டில்தான். வடக்கு தெற்காக அளந்தால் சென்னைக்கும் மங்களூருக்கும் வித்தியாசம் இருபது கிலோமீட்டர் சொச்சம், நீங்கள் குரோம்பேட்டையிலிருந்து பாரிமுனை போய்ச் சேருகிற தூரம். அதில் வெயில் மாறிவிடாது. கோவா சென்னையைவிட நன்றாக வடக்கே, 15.5 டிகிரியில் இருக்கிறது. டிசம்பரில் அங்கேயும் பகல் வெப்பம் 32 டிகிரியைத் தொடுகிறது.

உங்கள் கணவர் சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. ஜனவரியில் மங்களூரை ஒட்டிய அரபிக்கடல், சென்னையை ஒட்டிய வங்கக்கடலைவிட ஓரிரு டிகிரி வெதுவெதுப்பாகவே இருக்கிறது. ஆனாலும் அந்த நீரின் வெப்பம் சுமார் 28 டிகிரிதான். நீங்கள் அனுபவித்த வெயிலோ 32, 33 இருந்திருக்கும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பால் கிண்ணத்தை வைத்தால், பால் அந்த வெந்நீரைவிடச் சூடாகுமா? 28 டிகிரி கடல் 33 டிகிரி காற்றை உண்டாக்காது. மங்களூரில் கடல் செய்கிற வேலை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

காரணம் காற்று. அதுவும், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது.

குளிர்காலத்தில் ஆசியாவின் பெரும் நிலப்பரப்பு குளிர்ந்து, அதன்மேல் உள்ள காற்று கனத்துப் போகிறது. அது சூடான தென்கடலை நோக்கி வழியும்போது நமக்கு வடகிழக்கிலிருந்து வந்து சேருகிறது. இதுதான் வடகிழக்குப் பருவக்காற்று. சென்னைக்கு அது வங்கக்கடலைக் கடந்து வருவதால் ஈரத்தைச் சுமந்து வந்து மேகம் போடுகிறது, தூறுகிறது. பகல் வெப்பம் 29 டிகிரி அளவில் நிற்கிறது. அதே காற்று மேற்கே போகப் போக ஈரத்தை வழியெல்லாம் உதிர்த்துவிட்டு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூர், ஹாசன் மேட்டுநிலத்தைக் கடந்து, சக்லேஷ்பூரில் மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்புக்கு வருகிறது. அதற்கப்புறம் நீங்கள் காரில் இறங்கிய மாதிரியே அதுவும் இறங்குகிறது.

மகளுக்குக் காது அடைத்தது ஏன்? கீழே வரவர காற்றழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்நோக்கித் தள்ளியது. அதே அழுத்தம் இறங்கி வரும் காற்றையும் நெருக்குகிறது. நெருக்கினால் காற்று சூடாகும். சைக்கிளுக்குக் காற்று அடித்த கையோடு பம்ப்பின் அடிமுனையைத் தொட்டுப் பாருங்கள், சுடும். யாரும் அதற்கு வெளியிலிருந்து சூடு கொடுக்கவில்லை. பாடப்புத்தகம் இதை 'வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு' என்று சொல்கிறது. வெளியிலிருந்து சூட்டை வாங்காமல், வெளியே கொடுக்காமல், அமுக்கப்பட்டதாலேயே சூடாவது என்று பொருள். கணக்கு எளிது: உலர்ந்த காற்று 100 மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 1 டிகிரி கூடும்.

இப்போது உங்கள் பயணத்தையே கணக்குப் போடுவோம். பெங்களூரில் நண்பகல் 27 டிகிரி. 900 மீட்டர் இறக்கத்துக்கு 9 டிகிரி. கூட்டினால் 36! ஆனால் மங்களூரில் வழக்கமாக 36 இல்லை, 33தானே? அங்கேதான் அரபிக்கடல் உதவிக்கு வருகிறது. வெயில் ஏற ஏற நிலம் சூடாகி, நண்பகல் வாக்கில் கடலிலிருந்து கரைக்குக் காற்று திரும்புகிறது. இது கடற்காற்று. அது வந்ததும் ஏறிக்கொண்டிருந்த வெப்பம் நின்றுவிடும், உடம்பு கசகசக்கத் தொடங்கும். மலையிலிருந்து வரும் கிழக்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது கடற்காற்றை உள்ளே விடாது. அன்று வெப்பம் 35ஐத் தாண்டும். டிசம்பர், ஜனவரியில் நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவான ஊர் என்று கண்ணூரோ கார்வாரோ செய்தியில் அடிபடுவது இப்படித்தான். ஆக, கடல் சுடவைக்கிறது என்று உங்கள் கணவர் சொன்னார். உண்மையில் அது மங்களூரைக் காப்பாற்றுகிறது.

இந்தக் கதை நமக்குப் புதியதே அல்ல. மே, ஜூன் மாதச் சென்னையை நினைத்துப் பாருங்கள். மேற்கிலிருந்து நிலக்காற்று அனலாக வீசும், மெரினாவில் கடற்காற்று எப்போது நுழையும் என்று ஊரே காத்திருக்கும், அது தாமதமான நாளில் 40 டிகிரி தாண்டும். அதே மலை, அதே இறக்கம், திசை மட்டும் எதிர். நம் முன்னோர் காற்றுக்குத் திசை வாரியாகப் பெயர் வைத்தார்கள்: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. மேல்காற்றுக்கும் வெயில் காலத்துக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள், காற்றின் திசையையும் சூட்டையும் ஒன்றாகவே பார்த்திருக்கிறார்கள். அந்தக் 'கோடை' எனக்கு மிகவும் பிடித்த சொல். மேகத்தையும் கீழ்காற்றையும் குறிக்கும் நம் 'கொண்டல்', மலையைத் தாண்டியதும் மங்களூர்க்காரர்களுக்கு வெயில் காற்றாகிவிடுகிறது.

பொட்டு மேகம் இல்லாததும் இதன் தொடர்ச்சிதான். சூடாகும் காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மேகம் கரையும். மலையின் இந்தப் பக்கம் மழை பெய்ய, அந்தப் பக்கம் காய்ந்து கிடப்பதை மழைமறைவு என்பார்கள். ஜூனில் நாம் மறைவில் இருக்கிறோம், ஜனவரியில் அவர்கள். மங்களூரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டரையும் தாண்டும் மழையில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது.

மல்பேயில் கடல் குளம்போல் கிடந்ததையும் கவனித்திருப்பீர்கள். பருவக்காற்று கரையிலிருந்து கடலுக்குப் போவதால் கரையோரத்தில் பெரிய அலை எழும்புவதில்லை. அதே வாரம் சென்னையில் காற்று கடலிலிருந்து கரைக்கு மோதுவதால் அலை சீறும். செயின்ட் மேரீஸ் தீவுக்குப் படகு ஏறினீர்களா? மழைக்காலத்தில் அங்கே படகு விடமாட்டார்கள்.

மகளின் தோளுக்கு வருகிறேன். குளிர்கால வெயில் சுடாது என்று நினைப்பது பரவலான தவறு. டிசம்பர் கடைசியில்கூட நண்பகலில் சூரியன் அங்கே சுமார் 54 டிகிரி உயரத்தில் நிற்கிறது. தோலைச் சிவக்க வைக்கும் புறஊதாக் கதிரை, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெயிலை, தடுக்க மேகமும் இல்லை. காலையில் வறண்ட காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் வெயில் ஏறுவதே தெரியாது. ஒரு சின்ன அளவுகோல்: தரையில் விழும் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் குழந்தையை மணலிலிருந்து எழுப்பி நிழலுக்கு அழைத்துப் போங்கள். இளநீரும் வாங்கிக் கொடுங்கள். துளுவில் அதற்குப் பெயர் 'பொண்டா'. எண்ணெய்ச் சட்டியைத் தேடாதீர்கள்.

எல்லா டிசம்பரும் இப்படி அமையாது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பிறகும் நிலத்தைக் கடந்து சில நாளில் கடலோரக் கர்நாடகம்வரை போய் அங்கேயும் கனமழை கொட்டியது. வங்கக்கடலில் தாழ்வழுத்தம் என்று செய்தி வந்தால் மேற்குக் கரைப் பயணத்தையும் ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை பொதுவாகப் பயமில்லை. தரங்கம்பாடி, புதுச்சேரிப் பக்கம் வெயில் காயப் போவதென்றால் பொங்கலுக்குப் பிறகு போங்கள்.

அடுத்த முறை மல்பே போகும்போது, காலை எட்டு மணிக்கு மகளைக் கடலைப் பார்த்து நிற்கச் சொல்லி, கையில் ஒரு கைக்குட்டையைக் கொடுங்கள். துணி கடலை நோக்கிப் பறக்கும், பின்கழுத்தில் காற்று படும். நண்பகலை நெருங்கும்போது துணி தளர்ந்து தொங்கும், பிறகு அவள் பக்கமாகத் திரும்பிப் பறக்கும். அந்த நேரத்தை மூன்று நாளும் குறித்துவரச் சொல்லுங்கள். எந்த நாளில் அது தாமதமானதோ, அந்த நாள்தான் அதிகம் சுட்டிருக்கும்.