கறவை மாட்டின் தோல் நோயும் தீவனமும்

கறவை மாட்டுக் கடனில் தவணை தவறிய கணக்குகளை ஆராயுங்கால், மாடு நோயுற்றுப் பால் வற்றியதே காரணமென்று சிலவற்றில் அறிகிறோம். காய்ச்சலென்றால் உடனே மருத்துவரை நாடும் நம் அங்கத்தினர்கள், தோல் உரிந்தால் மட்டும் ‘வெயில் சூடு’ என்று எண்ணெய் தடவிவிட்டு இருந்துவிடுகின்றனர். அந்தத் தோல் நோய்க்குக் காரணம் பல வேளைகளில் மாடு தின்ற தழையிலேயே இருக்கின்றது.

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளில் குன்றடிவாரங்களிலும் ஏரிக்கரைகளிலும் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடப்பதை யாவரும் அறிவர். அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய இது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டது. பழகிய மாடு இதனை எளிதில் தீண்டாது. ஆனால் கோடையில் புல் கருகியபின், பசியுற்ற மாடும், வெளியூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த மாடும் வாய் வைத்துவிடும்.

இத்தழையிலுள்ள நஞ்சு கல்லீரலைத் தாக்கிப் பித்தநீர் வெளியேறாமல் தடுக்கின்றது. பசுந்தீவனத்திலுள்ள பச்சையம் மாட்டின் வயிற்றில் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள், பித்தநீருடன் கழிவதே இயற்கை. அவ்வழி அடைபடவே அப்பொருள் இரத்தத்தில் தேங்கித் தோலை அடைகின்றது. அங்கே சூரிய ஒளி பட்டவுடன் தோல் வெந்து போகின்றது. கருந்தோல் ஒளியை மறைத்துவிடுமாதலால் அதற்குத் தீங்கில்லை. கறுப்பும் வெள்ளையுமான கலப்பினப் பசுவில் வெள்ளைத் திட்டுகள் மட்டும் கோடு கிழித்தாற்போல் உரிவதும், மூக்கு, காது, மடி ஆகியவை சிவந்து வெடிப்பதும் இதனாலேதான். கண் மஞ்சளாதல், மலச்சிக்கல், நிழலைத் தேடி ஒதுங்குதல் ஆகியவையும் உடன் காணப்படும்.

இத்தகைய மாட்டை உடனே மேய்ச்சலிலிருந்து நிறுத்தி இருண்ட கொட்டகையில் கட்டுதல் வேண்டும். பசும்புல் நல்லதென்று எண்ணி அதனையே வெட்டிப் போடுவது இந்நேரத்தில் கேடாகும். பச்சையம் மேலும் மேலும் சேருமன்றோ! நல்ல வைக்கோல், தவிடு, வேண்டிய தண்ணீர் இவையே போதும். தின்ற தழை வயிற்றில் கிடந்து நஞ்சைக் கசியவிட்டுக்கொண்டே இருக்குமாதலால், மருத்துவரை அழைப்பதில் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது. அவர் கொடுக்கும் கரித்தூள் மருந்து அந்நஞ்சைப் பற்றிக்கொள்ளும். கண்ணின் மஞ்சள் தெளிந்த பின்னரே பசுந்தீவனத்தைச் சிறிது சிறிதாகத் தொடங்கலாம்.

கல்லீரலைக் கெடுப்பது தழை ஒன்றுமட்டுமன்று. திண்டிவனம் நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது, ‘டி.எம்.வி.’ என்ற கடலை இரகங்களின் பெயரே இவ்வூர் ஆராய்ச்சி நிலையத்தைக் குறிப்பது. அக்கடலையின் பிண்ணாக்கு ஈரம் பட்டுப் பூசணம் பிடித்தால், அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஓர் இலட்சத்துக்கு மேல் மடிந்தபோதுதான், பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கின் கொடுமையை உலகம் உணர்ந்தது. பூசணத்தைத் தட்டிவிட்டால் நஞ்சு நீங்கிவிடாது. அது பாலிலும் இறங்கும். மழைக்காலத்தில் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமீது அடுக்குவதற்குச் செலவு அதிகமில்லை.

எனினும், அரிப்பு என்றவுடன் தீவனத்தைப் பழித்தலும் பொருந்தாது. குதிரை இதற்கு நல்ல சான்று. ஐஸ்லாந்தில் பிறந்த குதிரைகளை ஐரோப்பாவின் பிற நாடுகளுக்குக் கொண்டுசென்றால், பிடரியும் வாலடியும் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகும்படி அரிப்பெடுப்பது உண்டு. தங்கள் நாட்டில் அவை கண்டறியாத சிறு கொசுவினப் பூச்சியின் கடியே அதற்குக் காரணம். தீவனத்தை மாற்றுவது அங்கே துணையே ஒழிய மருந்தன்று. மாட்டிலும் உண்ணி, சொறிப்பூச்சி, படர்தாமரை ஆகியவற்றால் வரும் நோய்கள் தீவன மாற்றத்தால் தீரா. உடலெங்கும் கட்டிகள் எழுந்து காய்ச்சலும் இருந்தால், 2019ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் காணப்படும் தோல் கழலை நோயாக இருக்கலாம். அம்மாட்டை மற்றவற்றிலிருந்து பிரித்துக் கட்டுதல் முதற்கடமை.

அரிப்பும் பூச்சியும் இன்றித் தோல் தடித்து முடி உதிர்ந்தால் துத்தநாகக் குறைவையும், கருமயிர் செம்பட்டையானால் தாமிரக் குறைவையும் ஐயுறலாம். தாது உப்புக் கலவையை நாள்தோறும் அடர்தீவனத்தில் கலந்து கொடுப்பது இதற்கு வழி. எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதைக் கறவையின் அளவு கண்டு மருத்துவர் கூறுவார்.