அயல்நாடு செல்லும் குத்தகைதாரர் நிலத்தை உறவினரிடம் ஒப்புவிக்கும் முறை

காவேரி டெல்டாவிலுள்ள குடியானவர்கள் பிழைப்பின் நிமித்தம் கடல் கடந்து செல்வது புதிய வழக்கமன்று. முன்னாளில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குச் சென்றனர். இந்நாளில் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் விமானமேறிச் செல்லுகின்றனர். சொந்த நிலமுடையவருக்குப் பட்டா அவர் பெயரிலேயே இருக்கும். குத்தகை நிலத்தின் நிலைமையோ வேறு.

மன்னார்குடிப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்குச் சாகுபடி செய்யும் ஒருவர், தனிக்குடித்தனமாயுள்ள தம் தம்பியிடம், “நீ உழுதுகொண்டிரு, குத்தகையை அளந்துவிடு, மிச்சத்தில் பாதியை எனக்கு வை, திரும்பியதும் நிலத்தை வாங்கிக்கொள்கிறேன்” என்று வாய்மொழியாகச் சொல்லிப் புறப்படுவதாகக் கொள்வோம். அண்ணன் தம்பிக்குள் சீட்டு எதற்கு என்பது அவர் எண்ணம்.

1955-ஆம் வருஷத்திய சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தம் உடலுழைப்பையோ தம் குடும்பத்தாரின் உடலுழைப்பையோ நிலத்தில் செலுத்துபவரையே காக்கின்றது. உழைக்காமல் நடுவில் நின்று பங்கு வாங்குபவர் வெறும் இடையாளாகக் கருதப்பட்டு அப்பாதுகாப்பை இழப்பார். உள்குத்தகைக்கு எடுத்து உழைப்பவருக்கோ அது உண்டு. ஆகவே அண்ணன் இரவல் கொடுத்ததாக நினைத்த உரிமை, ஏர் பிடித்த தம்பியின் கையோடு போய்விடக்கூடும். மேலும், குத்தகைப் பாக்கி விழுந்தாலும், சாகுபடியை அறவே கைவிட்டாலும், நிலச்சொந்தக்காரர் வருவாய்க் கோட்ட அலுவலரிடம் வெளியேற்ற மனுச் செய்யலாம்.

ஆதலின் புறப்படுமுன் குடியானவர் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். மனைவியோ வளர்ந்த மகனோ ஊரிலிருந்து வயலில் உழைப்பதாயின், குத்தகை அவர் பெயரிலேயே நிற்கலாம். தவணை தவறாமல் செலுத்தி, அவர் பெயருக்கே ரசீது பெற்று வரவேண்டும். அவ்வாறின்றித் தம்பியே உழுவதாயின், முழுவதும் மாற்றிக் கொடுப்பதே நேர்மையான வழி. அதற்குரிய முறை வருமாறு:

1. சம்பா அல்லது தாளடி அறுவடை முடிந்து, களத்துக் கணக்குத் தீர்ந்த பின்னரே மாற்றுக. பயிர் நிற்கையில் மாற்றினால் விளைவைப் பற்றிய சச்சரவு எழும்.

2. குத்தகைப் பாக்கியையும் கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனையும் அடைத்து ரசீது பெறுக.

3. நிலச்சொந்தக்காரர் சம்மதத்துடன் பழைய குத்தகையை முடித்துத் தம்பி பெயருக்குப் புதுச் சீட்டு எழுதுக. சர்வே நம்பர், விஸ்தீரணம், குத்தகை அளவு, தவணை ஆகியவை அதில் காண வேண்டும். சீட்டு மூன்று பிரதிகளாக இருத்தல் வேண்டும்: இருவருக்கும் ஒவ்வொன்று, மூன்றாவது தாலுகா ஆபீசுக்கு.

4. 1969-ஆம் வருஷத்துச் சட்டப்படி வைக்கப்பட்டுள்ள குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயரை மாற்ற மனுச் செய்க. கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கலிலும் புதுப் பெயர் ஏறுமாறு பார்த்துக்கொள்க.

5. மாடு, ஏர், எண்ணெய் இஞ்சின் முதலியவற்றிற்கு விலை மதித்துத் தனிக்கடுதாசி எழுதுக. இவை அண்ணனின் சொத்து, நிலம் அப்படியன்று.

கடைசியாக, தம்பியுடன் ஒருமுறை வரப்பைச் சுற்றி வருதல் நன்று. எந்த மூலையில் நீர் தேங்கும், எந்தப் பாத்தியில் துத்தநாகக் குறையால் நாற்று வெளுக்கும், எந்த மடையை எப்பொழுது அடைக்க வேண்டும் என்பவை எந்தச் சீட்டிலும் எழுதப்படுவதில்லை. திரும்பி வரும் அண்ணனுக்கு நிலம் மீண்டும் கிடைப்பது நிச்சயமன்று. அதனை அறிந்தே கொடுத்தவர் தம்பியின் மேல் வழக்குத் தொடுக்க நேராது.