வீட்டுப் படங்களைத் தொகுப்போம்: பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியில் உள்ள கரடியனாற்றிலும் அதைச் சூழ்ந்த கிராமங்களிலும் ஒரு பழைய புகைப்படம் தப்பியிருப்பது சிறு காரியமல்ல. 1978 நவம்பரில் சூறாவளி கூரைகளைப் பிடுங்கிச் சென்றது. யுத்த காலத்தில் மக்கள் பல தடவை இடம்பெயர்ந்தார்கள், 2007இலும் அப்படியே. 2010 செப்டெம்பர் 17ஆம் திகதி, வீதி வேலைக்கெனக் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வைக்கப்பட்டிருந்த வெடிமருந்து வெடித்து உயிர்களைக் காவுகொண்டது. 2011 ஜனவரியில் பெருவெள்ளம் வந்தது. ஓடும் வேளையில் பிள்ளையையும் அரிசியையும் தூக்கிய கைகளுக்கு அல்பத்தைத் தூக்க இடமிருக்கவில்லை.

ஆகவே ரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் சில படங்களும், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய ஒளிநாடா ஒன்றும், கைத்தொலைபேசியில் நிறைந்திருக்கும் காட்சிகளுமே பல குடும்பங்களின் சரித்திரம். அவற்றை ஒரு சிறு படமாகத் தொகுக்க இன்று கணனி மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இந்தப் பாடத்தின் சாரத்தை மூன்று வரியில் சொல்லலாம்: வெட்டுமுன் பிரதி எடுங்கள். ஒட்டுமுன் பெயர் கேளுங்கள். காட்டுமுன் சம்மதம் பெறுங்கள்.

1. வெட்டுமுன் பிரதி

அல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிய்க்க வேண்டாம். அல்பத்தோடு சேர்த்தே அதைப் பிரதி எடுங்கள். கைத்தொலைபேசியால் எடுப்பதாயின், யன்னலருகே பகல் வெளிச்சத்தில் படத்தைத் தட்டையாக வைத்து, நேர் மேலே இருந்து, பிளாஷ் இல்லாமல் எடுங்கள். பின்புறத்தில் எழுத்து இருந்தால் அதையும் எடுங்கள். ஸ்கேனர் கிடைத்தால் அங்குலத்திற்கு 300 புள்ளி போதும். அடையாள அட்டைப் படம் போன்ற சிறியவற்றுக்கு 600 புள்ளி வேண்டும்.

வி.எச்.எஸ். ஒளிநாடாக்கள் விடயத்தில் தாமதம் கூடாது. அவற்றை ஓட்டும் கருவியைக் கடைசிவரை உற்பத்தி செய்த யப்பானிய நிறுவனமான ஃபுனாய், 2016 ஜூலையுடன் அதை நிறுத்திவிட்டது. பழைய கருவிகளும் குறைந்து வருகின்றன. மாரிகால ஈரத்தில் நாடாவில் வெண்பூஞ்சணம் பிடித்திருந்தால் அதை ஓட்டிப் பார்க்க வேண்டாம். நாடாவும் கெடும், கருவியும் கெடும். முதலில் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். இன்னொன்று: கனடாவில் எடுத்த நாடா என்.ரி.எஸ்.சி. முறையிலும், இலங்கையிலும் சுவிற்சர்லாந்திலும் எடுத்தவை பால் முறையிலும் இருக்கும். "படம் ஓடவில்லை, நாடா பழுது" என்று எறியுமுன், எந்த நாட்டு நாடா என்பதைப் பிரதி எடுப்பவரிடம் சொல்லுங்கள்.

பிரதி எடுத்த பின்பும் மூலப் படத்தையும் நாடாவையும் எறியாதீர்கள்.

2. ஒட்டுமுன் பெயர்

பலர் முதலில் ஒரு சினிமாப் பாட்டைத் தெரிவுசெய்து, அதற்கு மேல் படங்களை அடுக்குகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பத்து வருடம் கழித்து, "நடுவில் நிற்பவர் யார்?" என்று பிள்ளை கேட்டால் பதில் சொல்ல ஆளிராது. படம் இருந்தும் ஆள் தொலைந்துவிடுவார்.

எனவே முதலில் குரலைப் பதிவுசெய்யுங்கள். வீட்டில் மூத்தவரிடம் படங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, "பெத்தா, இதில நிக்கிறது ஆரு? இது எந்த வட்டை? அப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேளுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைத்தொலைபேசியை அவருக்குக் கிட்ட வைத்துப் பதியுங்கள். அவசரப்படுத்த வேண்டாம். ஆண்டு தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள். "சூறாவளிக்கு முந்தி" என்று அவர் சொன்னால் அதுவே ஒரு திகதிதான். அதை அப்படியே எழுதுங்கள்.

3. கணனியில் தொகுக்கும் முறை

ஒரு காலத்தில் பலரும் பாவித்த விண்டோஸ் மூவி மேக்கரை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2017 ஜனவரியுடன் கைவிட்டது. அப்பெயரைக் காட்டிப் பணம் கேட்கும் போலிகள் இணையத்தில் உலாவியதுண்டு, கவனம். ஷொட்கட், ஓப்பின்ஷொட் என்பன இலவசமானவை. ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையத் தொடர்பு இல்லாமலே வேலை செய்யும். எதைப் பாவித்தாலும் படிகள் ஏறத்தாழ ஒன்றே.

(அ) ஒரு கோப்புறை திறந்து, பிரதிப் படங்கள், காட்சிகள், குரற்பதிவு யாவற்றையும் அதில் இடுங்கள். தொகுப்பு முடியும்வரை அக்கோப்புறையை நகர்த்தவோ பெயர் மாற்றவோ வேண்டாம். மென்பொருள் சேமிக்கும் வேலைக்கோப்பில் பொதுவாகப் படங்கள் இருப்பதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்ற முகவரியே இருக்கும். கோப்புறை இடம் மாறினால் படங்களை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

(ஆ) குரற்பதிவை முதலில் காலக்கோட்டில் இடுங்கள். இருமலையும் நீண்ட இடைவெளியையும் வெட்டலாம். பேச்சின் நடுவே அவர் மௌனமாகும் இடத்தை வெட்ட வேண்டாம்.

(இ) அவர் பேசும் ஒழுங்கில் படங்களை மேல் வரிசையில் அடுக்குங்கள். ஒரு படத்திற்கு 6 செக்கன் எனக் கொண்டால் 30 படங்களுக்கு 3 நிமிடம் ஆகும். ஒருவர் நிற்கும் படத்திற்கு 4 செக்கன் போதும். இருபது பேர் நிற்கும் கலியாணப் படத்திற்கு 10 செக்கனாவது வேண்டும்.

(ஈ) பழைய காட்சிகளின் சட்டம் 4க்கு 3. இன்றைய திரை 16க்கு 9. திரையை நிரப்ப இழுத்தால் முகங்கள் அகன்றுவிடும். இரு பக்கமும் கறுப்பாக விட்டுவிடுங்கள்.

(உ) ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், இடம், காலம் எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்தவை வேறு கணனியில் புரியாத குறிகளாகலாம். யுனிகோட் தமிழையே பாவியுங்கள்.

(ஊ) இறுதியில் எம்.பி.4 கோப்பாக வெளியிடுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரண முறையில் அனுப்பினால் தெளிவு குறையும். 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள்.

4. காட்டுமுன் சம்மதம்

1967இல் கனடாவின் ஃபோகோ தீவில், கொலின் லோ என்ற இயக்குநர் தேசியத் திரைப்படச் சபைக்காக மீனவர்களைப் படம்பிடித்தார். தீவை விட்டு வெளியேறும்படி அம்மக்களுக்கு நெருக்குதல் இருந்த காலம் அது. அவர் ஒரே நீண்ட படம் செய்யவில்லை. ஒருவரைப் பற்றி அல்லது ஒரு விடயத்தைப் பற்றிப் பல குறும்படங்கள் செய்தார். அவற்றைப் படத்தில் வந்தவர்களுக்கே முதலில் காட்டி, அவர்கள் ஒப்பிய பின்னரே பிறருக்குக் காட்டினார். மக்கள் தம் பிரச்சினையைத் தாமே பார்த்துப் பேசினார்கள், கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள், தீவிலேயே தங்கினார்கள்.

எமது வீட்டுப் படங்களுக்கும் இது பொருந்தும். ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டுக் காட்சி குடும்பத்துக்குள் மகிழ்ச்சியானது. ஊருக்கு அனுப்புவதை அவளே தீர்மானிக்க வேண்டும்.

காணாமற்போனவர்களின் படங்களில் இன்னும் கவனம் தேவை. சில தாய்மாரிடம் இருப்பது ஒரேயொரு படம். மங்கிய முகத்தைத் தெளிவாக்குவதாகச் சொல்லும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள், படத்தில் இல்லாத கண்ணையும் மூக்கையும் தாமாகவே வரைந்து சேர்க்கின்றன. பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் அது அந்தப் பிள்ளையின் முகமாக இராது. அடையாளம் காண உதவும் படத்தை மங்கலாகவே வைத்திருங்கள். விசாரணைக்குக் கொடுப்பதானால் திருத்தாத பிரதியையே கொடுங்கள்.

5. மூன்று இடம்

முடிந்த தொகுப்பையும், மூலப் பிரதிகளையும், வெட்டாத முழுக் குரற்பதிவையும் மூன்று இடத்தில் வையுங்கள்: வீட்டுக் கணனியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, வேறு ஊரிலோ நாட்டிலோ உள்ள உறவினரிடம் ஒன்று. வெள்ளம் மூன்று இடத்திற்கும் ஒரே நாளில் வராது.

கூடிப் பேசுவோம்

1. உங்கள் கிராமத்தில் பழைய படங்களில் உள்ளவர்களை அடையாளம் சொல்லக்கூடிய மூத்தவர்கள் எத்தனை பேர்? அவர்களிடம் யார், எப்போது போவது?

2. ஸ்கேனர் அல்லது கணனி உள்ள பாடசாலை, சனசமூக நிலையம் எது? மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் அதைச் சேர்ந்து பாவிக்க முடியுமா?

3. எந்தப் படங்களைக் குடும்பத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும்? அதை யார் தீர்மானிப்பது?

செயற்பயிற்சி: அடுத்த இதழ் வருமுன் ஐந்து படங்களும் ஒரு மூத்தவரின் குரலும் கொண்ட ஒரு நிமிடத் தொகுப்பைச் செய்து, முதலில் அவருக்கே போட்டுக் காட்டுங்கள். பெயர் ஏதும் பிழையென்றால் அவரே திருத்துவார்.