தொட்டது தெரியாமல் தொடரும் நஞ்சு

நுழையும்முன்

முள் குத்தினால் உடனே வலிக்கும். நெருப்புச் சுட்டால் உடனே கையை இழுத்துக்கொள்வோம். ஆனால், தொட்ட பொழுதில் எவ்வித வலியும் தராமல், நாள்கள் சென்றபின் துன்புறுத்தும் செடியும் உலகில் உண்டு. அதனை அறிந்து காத்துக்கொள்ளும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

காட்டில் நிகழ்ந்தது

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கிழக்குப் பகுதிக் காடுகளில் 'பாய்சன் ஐவி' என்னும் நச்சுக்கொடி மிகுதியாக வளர்கிறது. அந்நாட்டில் உரிமம் பெற்றோர் இலையுதிர் காலத்தில் வேட்டையாட அரசு இசைவு அளிக்கிறது. நம் நாட்டிலோ 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர்களைக் காக்கிறது. பொழுதுபோக்கு வேட்டைக்கு இங்கு இடமில்லை.

அந்நாட்டு வேட்டைக்காரர் ஒருவரை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். அவர் தம் நாயுடன் பறவை வேட்டைக்குச் செல்கிறார். களைப்பு மிகவே, ஒரு மரத்தைப் பற்றிச் சாய்ந்து அமர்கிறார். அம்மரத்தில் மயிரடர்ந்த கயிறு போன்ற தண்டொன்று படர்ந்திருக்கிறது. அதில் ஓர் இலையும் இல்லை. ஆகவே, அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. மாலையில் வீடு திரும்புகிறார். அவருடைய சிறுமகள் தந்தையின் காலணிக் கயிற்றை அவிழ்க்கிறாள். நாயைக் கட்டி அணைத்துக்கொள்கிறாள்.

இரண்டு நாள் கழித்துத் தந்தையின் முன்கை சிவந்து, தாங்கொணா அரிப்புடன் கொப்புளிக்கிறது. மேலும் ஒரு வாரம் கழித்து மகளின் கன்னத்திலும் அதே கொப்புளங்கள்! தந்தையின் கொப்புள நீர் பட்டே மகளுக்கும் தொற்றியது என வீட்டார் எண்ணுகின்றனர். அவர்கள் எண்ணியது சரிதானா?

உண்மைக் காரணம்

இல்லை. கொப்புள நீரால் இந்நோய் பரவுவதில்லை. அக்கொடியின் இலை, தண்டு, வேர் ஆகிய எல்லாவற்றிலும் 'உருஷியால்' என்னும் எண்ணெய் உள்ளது. இது தோலுக்குள் விரைவாக ஊறி ஒவ்வாமையை உண்டாக்குகிறது. முன்னரே ஒவ்வாமை உற்றவர்க்கு ஓரிரு நாளிலும், முதன்முறையாகத் தீண்டியவர்க்குச் சில வாரங்கள் கழித்தும் அரிப்புத் தோன்றும். அவ்வெண்ணெய் காலணியிலும் நாயின் மயிரிலும் ஒட்டி வீட்டுக்கு வந்தது. காட்டையே காணாத சிறுமியைத் தீண்டியது அதுவே. நாய்க்கோ பொதுவாக ஒன்றும் நேர்வதில்லை. மான்கள் அவ்விலைகளைத் தின்னவும் செய்கின்றன.

அடையாளம் காணுதல்

வில்வ இலையை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனைப் போலவே இக்கொடியின் ஒவ்வோர் இலையிலும் மூன்று சிற்றிலைகள் உள்ளன. நடுச் சிற்றிலையின் காம்பு மட்டும் நீண்டிருக்கும். கோடையில் பசுமையாகவும், இலையுதிர் காலத்தில் செம்மையாகவும் தோன்றும். குளிர்காலத்தில் இலைகள் உதிர்ந்தாலும் நஞ்சு நீங்குவதில்லை. காய்ந்த தண்டும் தீங்கு செய்யும். இதனை எரித்தல் கூடவே கூடாது. அப்புகையைச் சுவாசித்தால் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படும்.

செய்ய வேண்டுவன

1. தீண்டியது தெரிந்தவுடன், இயன்றால் 10 நிமிடங்களுக்குள், சோப்பும் மிகுந்த நீரும் கொண்டு அவ்விடத்தைக் கழுவுக. நகக்கண்களையும் தூய்மை செய்க.
2. உடைகளைத் தனியே துவைக்க. காலணி, கருவிகள் ஆகியவற்றைக் கையுறை அணிந்து கழுவுக. நாயையும் குளிப்பாட்டுக.
3. அரிப்புத் தோன்றினால் சொறிதல் கூடாது. நகம் பட்ட புண்ணில் கிருமிகள் புகும். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை இடுக, காலமைன் பூசுக.
4. முகம், கண் ஆகியவற்றில் பரவினாலும், மூச்சுத் திணறினாலும் உடனே மருத்துவரை நாடுக.

நம் நாட்டு உறவினர்

இக்கொடி நமக்கு அயலது எனினும், இதன் குடும்பம் அயலது அன்று. மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவை இதே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மாங்காய்ப் பால் பட்டுச் சிலருக்கு வாயோரம் புண்ணாவதும், முந்திரிக்கொட்டை உடைப்போர் கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொள்வதும் இதனை ஒத்த நச்சுப்பொருளால்தான்.

வடமாநிலங்களில் 'பிலாவா' எனப்படும் சேங்கொட்டையின் சாற்றால் சலவைத் தொழிலாளர் துணிகளில் அழியாத குறியிட்டனர். இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் தங்கிய அமெரிக்கப் படைவீரர் சிலருக்கு அக்குறி பட்ட இடத்தில் தோல் கொப்புளித்தது. சலவைக் குறியே காரணம் என மருத்துவர்கள் 1943ஆம் ஆண்டில் எழுதினர்.

மாணவர்களே! வலி தோன்றியபின் விழிப்பவர்க்கு இந்நஞ்சைத் தடுக்கும் வேளை கடந்துவிடும். வலி இல்லாதபோதே கழுவியவர் தம்மையும் தம் வீட்டாரையும் காப்பர். வருமுன் காப்பதே அறிவுடைமை.

சொல்லும் பொருளும்

இசைவு – அனுமதி
தாங்கொணா – பொறுக்க முடியாத
சிற்றிலை – ஓர் இலையின் சிறு பிரிவு
அயலது – வேற்றிடத்தைச் சேர்ந்தது

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. நச்சுக்கொடியில் உள்ள எண்ணெயின் பெயர் ________.
2. இக்கொடியின் இலை ________ இலையைப் போன்று மூன்று சிற்றிலைகள் கொண்டது.

ஆ. சரியா, தவறா எனக் கூறுக.
1. கொப்புள நீர் பட்டால் நோய் பரவும்.
2. இலையுதிர்ந்த தண்டும் தீங்கு செய்யும்.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. காட்டுக்குச் செல்லாத சிறுமிக்குக் கொப்புளம் தோன்றியது ஏன்?
2. நச்சுக்கொடியை எரித்தல் கூடாது, ஏன்?

ஈ. செயல்பாடு
நீங்கள் வாழும் ஊரில் தீண்டினால் அரிப்புத் தரும் செடி ஒன்றின் உள்ளூர்ப் பெயரைக் கேட்டறிக. அதன் தமிழ்ப் பெயரைப் பெற்றோரிடமோ தாத்தா பாட்டியிடமோ கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.