ஆள் குறைந்தாலும் ஆட்டம் நடக்கட்டும்

அமெரிக்கப் பூங்காக்களில் வேலை முடிந்த மாலைகளில் ஆடும் ஸ்லோபிட்ச் சாஃப்ட்பாலுக்கு ஓர் அணிக்குப் பத்துப் பேர் வேண்டும். எட்டோ ஒன்பதோ பேர் மட்டும் வந்து நிற்பது அங்கே சாதாரணம். வெற்றியை எதிரணிக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் ஆட வந்த அத்தனை பேரும் ஆடாமலே வீடு திரும்புவார்கள். ஆள் குறைந்த அணிக்கு மைதானத்தின் காலி இடமே போதிய தண்டனை. விதிகளை இந்த அடிப்படையில் வகுப்பதே நியாயம்.

முதலில், ஆட்டம் தொடங்கும் முன்பே இரு கேப்டன்களும் அம்பயரும் பேசி முடிவெடுத்து ஸ்கோர் தாளில் எழுதிவிட வேண்டும். எட்டுப் பேருக்குக் குறைந்தால் ஆட்டம் இல்லை; தாமதமாக வருபவர் பேட்டிங் வரிசையின் கடைசியில் சேர்வார். அடுத்து ஃபீல்டிங். ஒருவர் குறைந்தால் நான்கு அவுட்ஃபீல்டரை மூன்றாக்குங்கள். இருவர் குறைந்தால் எதிரணியிடம் ஒரு கேட்சரைக் கடன் கேளுங்கள். பேஸ் திருட அனுமதியில்லாத லீக்குகளில் கேட்சருக்குப் பந்தைத் திருப்பி எறிவதுதான் பெரும்பாலும் வேலை. தன் அணிக்குச் சாதகமாக அவர் பந்தை நழுவவிட்டால் என்ன செய்வது? ரன்னர் ஹோம் பிளேட்டுக்கு ஓடிவரும்போது கடன் கேட்சர் ஒதுங்கிவிட வேண்டும், பிட்சர் வந்து பிளேட்டைக் காக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை.

சிக்கல் பேட்டிங்கில்தான். கிரிக்கெட்டில் ஓர் ஆள் வராவிட்டால் ஒரு விக்கெட் குறையும். சாஃப்ட்பாலில் வரிசை சுற்றிச் சுற்றி வருவதால், ஆள் குறைந்தால் மற்றவர்களுக்கு வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் காலி இடத்தின் முறை வரும்போதெல்லாம் ஓர் அவுட் என்று பல விதிப்புத்தகங்கள் சொல்கின்றன. வரிசை மூன்று முறை சுற்றினால் மூன்று அவுட். ஏழு இன்னிங்ஸில் ஒன்று முழுதாகப் போய்விடும். பொழுதுபோக்கு ஆட்டத்துக்கு இது அதிகம். ‘அவுட் இல்லையென்றால் சுமாராக ஆடுபவரை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு வருவார்களே’ என்பது நியாயமான கேள்வி. ஆனால் அப்படி வருபவர்கள் ஏழு இன்னிங்ஸும் அவுட்ஃபீல்டின் ஓட்டையோடு ஆட வேண்டும். ஸ்லோபிட்ச்சில் பெரும்பாலான பந்துகள் அடிபட்டு மைதானத்துக்குள் வருவதால் அந்த ஓட்டை மலிவானதல்ல. அதற்கும் மேல் ஐயம் இருந்தால் நடுவழி உண்டு: ஒருவர் குறைந்தால் அவுட் வேண்டாம், இரண்டாவது ஆளும் குறைந்தால் அந்த ஓர் இடத்துக்கு மட்டும் அவுட்.

ஆட்டத்தின் நடுவே வெளியேறுபவரையும் இதே நியாயத்தால் பிரித்துப் பாருங்கள். காயம் பட்டவரின் இடத்தை அவுட் இல்லாமல் தாண்டிவிடலாம். அம்பயர் வெளியேற்றியவரின் இடத்துக்கு அவுட் கட்டாயம். அது ஆள் பற்றாக்குறையல்ல, நடத்தைக்கான விலை. கோப்பைக்கான போட்டி என்றால் இந்தச் சலுகைகள் எதுவும் செல்லாது. அங்கே போட்டியின் விதிப்புத்தகம் சொல்வதுதான் முடிவு.