தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் முகம் வீங்கினால்: படிப்படியாகச் செய்ய வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை டை அடித்தவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. திங்கட்கிழமை நெற்றியோரமும் காதுமடலும் அரிக்கும். செவ்வாய்க்கிழமை விடியும்போது இமைகள் தடித்துக் கண்ணைத் திறக்க முடியாது. காதுக்குப் பின்னால் கொப்புளம் உடைந்து நீர் வடியும். கத்திரிக்காய் சாப்பிட்டதாலா, கருவாட்டாலா, பூச்சி ஏதும் கடித்ததா என்று வீடே யோசிக்கும். இரண்டு நாளைக்கு முன் அடித்த சாயம் யார் நினைவுக்கும் வராது. வந்தாலும், “பத்து வருஷமா இதே பாக்கெட்தானே போடுறேன்” என்று தள்ளிவிடுவார்கள்.

பத்து வருஷம் ஒத்துக்கொண்டது என்பதால் பதினோராவது வருஷமும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. நிரந்தரக் கருப்புச் சாயங்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது பாராபினைலின்டையமீன், சுருக்கமாக பிபிடி. நிறமே இல்லாத இந்தச் சின்ன மூலக்கூறு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருளோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் அடையும்போதுதான் முடிக்குள் கருப்பாக மாறுகிறது. அந்த மாற்றம் முடிவதற்குள் ஒரு பகுதி தோலுக்குள் புகுந்துவிடும். நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை ஒருநாள் பகையாக அடையாளம் கண்டுகொண்டால், அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் தாக்கும். இது தாமதமாக வெளிப்படும் ஒவ்வாமை. பெரும்பாலும் 1 முதல் 3 நாட்களுக்குள் உச்சத்துக்கு வரும். அடித்த சில நிமிடங்களிலேயே எரிந்து, கழுவியதும் குறைந்தால், அது அமோனியாவோ பெராக்சைடோ தோலை நேரடியாகப் புண்ணாக்கிய எரிச்சலாக இருக்கலாம். இரண்டுக்கும் முதலுதவி ஒன்றுதான். பின்னால் எடுக்க வேண்டிய முடிவுதான் வேறு.

1. முதலில் உயிருக்கு ஆபத்து உண்டா என்று பாருங்கள்

உதடு, நாக்கு, தொண்டை வீங்குவது, மூச்சுத் திணறல், குரல் கம்முவது, தலைசுற்றி மயக்கம் வருவது, உடல் முழுக்கத் திட்டுத்திட்டாகத் தடிப்பது, தொடர்ந்து வாந்தி ஆகியவற்றில் எதுவும் தெரிந்தால் வீட்டு வைத்தியத்துக்கு நேரம் கிடையாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 எண்ணுக்கு அழையுங்கள். அவருக்கு உடனே தேவை அட்ரினலின் ஊசி. அது ஆம்புலன்ஸிலோ மருத்துவமனையிலோதான் கிடைக்கும். சாயத்தால் இப்படி ஆவது அரிது. ஆனால் ஆகிவிட்டால் நிமிடங்கள் முக்கியம். மயக்கமாக இருப்பவரைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்கார விடுங்கள்.

2. சாயத்தைக் கழுவி வெளியேற்றுங்கள்

தலையில் சாயம் இருக்கும்போதே எரிந்தால், “இன்னும் பத்து நிமிஷம்தான்” என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். உடனே எழுந்து, ஓடும் தண்ணீரில் தலையைப் பின்பக்கம் சாய்த்து, முகத்தில் வழியாதபடி அலசுங்கள். தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. மணம் குறைந்த மென்மையான ஷாம்புவால் இரண்டு மூன்று முறை கழுவி, நிறம் வடிவது நிற்கும் வரை அலசுங்கள். கையுறை போட்டுக்கொண்டு கழுவினால் விரல்கள் தப்பும். கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டு நாள் கழித்து வீங்கினாலும் ஒருமுறை நன்றாகத் தலைக்குக் குளிப்பது நல்லது; முழுதாக மாறாத சாயம் மிச்சம் இருந்தால் போய்விடும். தலையணை உறை, துண்டு, தொப்பி எல்லாவற்றையும் துவையுங்கள். பயந்துபோய் மொட்டை போட வேண்டியதில்லை. முடிக்குள் முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்து கருத்துவிட்ட சாயம் பொதுவாக ஒவ்வாமையைத் தூண்டுவதில்லை.

3. குளிர்ச்சி கொடுங்கள், வேறெதுவும் பூசாதீர்கள்

பழைய வேட்டித் துணி போன்ற மெல்லிய சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வீங்கிய இடத்தில் 10 முதல் 15 நிமிடம் வையுங்கள். ஒரு நாளில் நான்கைந்து முறை செய்யலாம். ஐஸ் கட்டியை நேராகத் தோலில் வைக்க வேண்டாம். இரவில் இரண்டு தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுத்தால் காலையில் இமை வீக்கம் சற்றுக் குறைவாக இருக்கும். நீர் வடிவது நின்று தோல் காய்ந்து இழுத்தால் வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகத் தடவலாம்.

மஞ்சள், எலுமிச்சைச் சாறு, வேப்பிலை விழுது, பற்பசை, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். நல்ல நாளில் இவற்றில் சில பயனுள்ளவையாக இருக்கலாம். தோல் உரிந்து திறந்து கிடக்கும்போது ஒவ்வொன்றும் புதிய எரிச்சலையும் கிருமியையும் உள்ளே விடும். சோற்றுக்கற்றாழைகூடச் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

செட்டிரிசின் போன்ற மாத்திரை அரிப்பைக் கொஞ்சம் தணித்துத் தூங்க உதவும். இந்த வகை வீக்கத்தை அது நிறுத்தாது. தூக்கம் வரும் என்பதால் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டக் கூடாது. மருந்துக்கடையில் “அலர்ஜிக்கு ஒரு ஆயின்ட்மென்ட்” என்று கேட்டு வாங்குவதுதான் பெரிய ஆபத்து. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றையும் கலந்த களிம்பைக் கொடுத்துவிடுவார்கள். முகத்தில் நாட்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, பருவும் நிரந்தரச் சிவப்பும் வரலாம்.

4. அன்றே தோல் மருத்துவரிடம் போக வேண்டிய நேரம்

இமை வீங்கிக் கண் மூடிவிட்டால், கொப்புளம் வந்தால், நீர் வடிந்தால், முகத்தில் பாதிக்கு மேல் பரவினால், காய்ச்சலோ சீழோ தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். போகும்போது சாயத்தின் பாக்கெட்டையோ பெட்டியையோ எடுத்துச் செல்லுங்கள். குப்பையில் போய்விட்டால் கடையில் அதே பொருளின் பின்பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்து முகத்தையும் தினம் ஒரு படம் எடுத்து வைத்தால் மருத்துவருக்கு உதவும்.

கடுமையாக இருந்தால் மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதுவார். சர்க்கரை, ரத்த அழுத்தம், வயிற்றுப் புண், கர்ப்பம் இருந்தால் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும். இரண்டாம் நாளே வீக்கம் வடிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். பாதியில் நிறுத்தினால் பழையபடி வீங்குவது உண்டு. சொன்ன நாள்வரை, சொன்ன அளவில் சாப்பிடுங்கள்.

5. வடிந்த பிறகும் சில வாரம் கவனம் வேண்டும்

நம் நிறத் தோலில் அழற்சி ஆறிய இடம் கருத்துப்போவது சகஜம். நெற்றியிலும் கன்னத்திலும் அந்தக் கருமை மாதக்கணக்கில் நிற்கலாம். வெயிலில் குடையோ தொப்பியோ வேண்டும், சொறியக் கூடாது, தோல் ஆறும் வரை பிளீச், ஃபேஷியல், வாசனைப் பவுடர் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டினால் அஞ்ச வேண்டாம். அழற்சியின் அதிர்ச்சியால் உதிரும் முடி பெரும்பாலும் திரும்ப வளரும்.

6. எதனால் வந்தது என்று உறுதி செய்யுங்கள்

தோல் முழுதாக ஆறிய பின், தோல் மருத்துவமனையில் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளலாம். சந்தேகப்படும் பொருட்களைச் சின்னச் சின்ன வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, 72 அல்லது 96-ஆவது மணி நேரத்தில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை முதுகை நனைக்கக் கூடாது; வியர்க்கும் வேலையும் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது செய்தால் முடிவு தவறாகலாம் என்பதால் அதைச் சொல்லிவிடுங்கள்.

பிபிடி என்று உறுதியானால் அது வாழ்நாள் ஒவ்வாமை என்றே கொள்ளுங்கள். வேறு கம்பெனி, வேறு நிறம் என்று மாற்றிப் பார்ப்பது பயன் தராது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகவும் கடுமையாகவும் வரலாம். உறவுள்ள வேறு சில பொருட்களும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது: வாய்ப்புண் ஜெல்லிலும் தொண்டை வலி மிட்டாயிலும் வரும் பென்சோகெய்ன், சில சல்ஃபா மருந்துகள், அடர் நிறத் துணிகளில் உள்ள சில சாயங்கள், கருப்பு ரப்பர். பல் மருத்துவர் உட்பட எல்லா மருத்துவர்களிடமும் இதைச் சொல்லுங்கள். மருத்துவக் கோப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

7. லேபிளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

“அமோனியா இல்லை” என்று முகப்பில் இருந்தால் பிபிடியும் இல்லை என்று பொருள் அல்ல. “ஹெர்பல்” என்ற சொல்லும் எதையும் உறுதி செய்யாது. பின்பக்கப் பட்டியலில் பாராபினைலின்டையமீன், பிபிடி, 1,4-டைஅமினோபென்சீன் ஆகிய பெயர்களில் எது இருந்தாலும் பொருள் ஒன்றுதான். அதற்குப் பதிலாகச் சேர்க்கும் டொலுவீன்-2,5-டையமீனும் பிபிடி ஒவ்வாமை உள்ளவர்களில் பலருக்கு ஒத்துக்கொள்ளாது.

“கருப்பு மருதாணி” என்று விற்பவற்றில் ஏமாந்துவிடாதீர்கள். மருதாணி இலையில் உள்ள லாசோன் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரைதான் நிறம் தரும். அதற்கும் சில மணி நேரம் ஆகும். கையில் வைத்து அரை மணியில் கன்னங்கரேல் என்று பிடிக்கும் கோனில் ரசாயனச் சாயம் கலந்திருக்கிறது. கல்யாணத்திலும் திருவிழாவிலும் குழந்தைகள் கையில் அதை வைத்துவிட்டால், முப்பது வயதில் டை அடிக்கும்போது முகம் வீங்குவதற்கு அன்றே விதை விழுந்துவிடலாம்.

நரையை மறைக்க வேண்டுமானால் கலப்பில்லாத மருதாணிப் பொடியை முதலில் போட்டு அலசி, அதன்மேல் வெதுவெதுப்பான நீரில் குழைத்த அவுரி இலைப் பொடியைப் போடலாம்; அடர் பழுப்பும் கருப்பும் கிடைக்கும். இலைப்பொடி தவிர வேறெதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது. இதையும் கையில் சோதித்த பிறகே தலையில் போடுங்கள்.

8. இதுவரை ஒத்துக்கொண்டவர்களும் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்

இந்தியாவில் விற்கும் பிபிடி உள்ள சாயப் பாக்கெட்டுகளில் முன்சோதனை எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. அதன்படி, பயன்படுத்தும் விதத்திலேயே கலந்த சாயத்தில் ஒரு துளியைக் காதுக்குப் பின்னாலோ முன்கையின் உள்பக்கத்திலோ தடவிக் காயவிட்டு, 24 மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். இந்த ஒவ்வாமை மெதுவாக வருவது என்பதால் இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது பாதுகாப்பு. தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ டை அடிப்பதானால் இதற்காக மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். ஒருமுறை முகம் வீங்கியவர் மட்டும் இந்தச் சோதனையை வீட்டில் செய்யக் கூடாது; அவருக்கு அந்தத் துளியே அதிகம்.

தலைச்சாயத்தைப் புருவத்துக்கும் இமைக்கும் ஒருபோதும் போடாதீர்கள். அமெரிக்காவில் 1930-களில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச்சாயத்தால் பெண்கள் கண்பார்வை இழந்தார்கள். 1938-இல் அங்கே அழகுசாதனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மீசைக்கும் தாடிக்கும் டை அடிக்கும் ஆண்களும் தலைக்குப் போலவே முதலில் சோதிக்க வேண்டும். சலூனிலும் பார்லரிலும் தினம் சாயம் குழைப்பவர்கள் நைட்ரைல் கையுறை இல்லாமல் வேலை செய்யக் கூடாது. கை முழுக்கக் கரப்பான் வந்து தொழிலையே விட்டவர்கள் உண்டு.

பாக்கெட்டில் உட்பொருள் பட்டியலோ எச்சரிக்கையோ இல்லாவிட்டால், பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள்.

வீட்டில் டை அடிப்பவர்கள் எல்லோரிடமும் இரண்டை மட்டும் சொல்லி வையுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு துளியை வைத்துப் பாருங்கள். ஒருமுறை முகம் வீங்கிவிட்டால், அந்தச் சாயத்தை இனித் தொடவே தொடாதீர்கள்.